சம்பந்திக்குக் கொடுத்த சளி

என் இருமலைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நான் இருமினால் மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருப்பவரின் போர்வை விலகும் என்பது அந்த வார்டுக்கே தெரியும். பக்கத்துக் கட்டிலில் என் சம்பந்தி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். இருவரும் ஒரே வாரத்தில் காய்ச்சலோடு வந்து சேர்ந்தோம். அவருடையது வறட்டு இருமல். சத்தம் வரும், சரக்கு வராது.

முதல் நாளே எங்கள் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டார்கள். அது போன ஆழத்தில், பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு முழுசாக ஞாபகம் வந்துவிட்டது. பிறகு தொண்டையில் ஒரு குச்சி. இரண்டிலும் கிருமி எதுவும் அகப்படவில்லை.

“மூக்குல இல்லன்னா நெஞ்சுலயும் இல்லன்னு ஆயிடாது” என்று நர்ஸம்மா ஆளுக்கொரு மூடி போட்ட டப்பாவை நீட்டினார். “எச்சில் துப்பாதீங்க தாத்தா. ஆழமா இருமி, நெஞ்சுலேர்ந்து வர்ற சளிதான் வேணும். வரலன்னா டாக்டர் குழாய் விட்டு எடுக்க வேண்டியிருக்கும்.”

குழாய் என்றதும் சம்பந்திக்கு முகம் வெளுத்தது. நர்ஸம்மா தலை மறைந்ததும் இருமிப் பார்த்தார். டப்பாவில் காற்றுதான் விழுந்தது.

“சம்பந்தி, உங்களுக்கு நிறைய வருதே” என்றார்.

“ஏதோ இருக்கு.”

“அதுல கொஞ்சம்…”

கல்யாணத்தின்போதுகூட வாய் திறந்து ஒன்றும் கேட்காத மனிதர். இல்லை என்று எப்படிச் சொல்வது? யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். கொடுப்பதை நல்லதாகக் கொடுப்போம் என்று அடி நெஞ்சிலிருந்து வாரி அவர் டப்பாவில் போட்டேன். எனக்கு மிஞ்சியது எச்சில்தான்.

நர்ஸம்மா அவர் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “அட, பரவாயில்லையே!” என்றார். சம்பந்தி அடக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் முடிவு வந்தது. என்னுடையது வெறும் எச்சில் என்று தள்ளிவிட்டார்களாம். அவருடையதில் கிருமி பளிச்சென்று தெரிந்ததாம். அதற்கேற்ற மருந்தை அவர் கையில் ஏற்றினார்கள். எனக்கு வர வேண்டிய மருந்து சொட்டுச் சொட்டாகச் சம்பந்திக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு காய்ச்சலோடு கிடந்தேன்.

அவர் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். மூச்சு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அது எண்ணில் சொல்லும். அடுத்த நாள் காலையில் தொண்ணூற்று நாலு. பதினோரு மணிக்குத் தொண்ணூற்றிரண்டு.

“சரியான மருந்துதானே போகுது, ஏன் கேக்கல?” என்று டாக்டர் தன்னையே கேட்டுக்கொண்டு போனார். முகமூடி போட்டு ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனேன், கழிவறைக்குப் போனேன், போன காரியத்தை மறந்து திரும்பினேன். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தது நாலாவது நடையில்தான் தெரிந்தது. தொண்ணூறு. படுத்தேன், எழுந்தேன். சொன்னால் அவருக்குக் குழாய், என் மகளுக்கு மாமனார் வீட்டில் தலைகுனிவு. சொல்லாவிட்டால் அந்த எண்.

கிட்டே போனேன். முகமூடிக்குள்ளிருந்து, “சத்தியம்” என்றார்.

எண்பத்தொன்பது.

“நர்ஸம்மா!” என்று கத்தினேன். “அவருக்கு ஏத்துற மருந்து என்னோடது!”

“என்ன தாத்தா உளர்றீங்க?”

“அந்த டப்பால இருந்தது என் சளி. நான்தான் துப்பிக் குடுத்தேன்.”

வார்டில் இருபது பேர் ஒரே சமயத்தில் இருமலை அடக்கிக்கொண்டார்கள். டாக்டர் ஓடி வந்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“உங்க ரெண்டு பேருக்கும் என்ன வயசு?”

“சேத்தா, தனித்தனியாவா?”

டாக்டர் நர்ஸம்மாவிடம் திரும்பினார். “சம்பந்திக்குச் சிறுநீர் எடுங்க. சில கிருமி அதுலயே தெரிஞ்சிடும். தெரியலன்னா குழாய்தான்” என்றார். நர்ஸம்மா என்னைக் காட்டி, “சார், இவரை அந்தப் பக்கமே விடக் கூடாது” என்றார். என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, சம்பந்தியின் திரைக்கு வெளியே தானே காவல் நின்றார்.

முடிவு வரும்வரை உட்கார்ந்தபடியே சுமார் எட்டு மைல் நடந்திருப்பேன். மூன்று மணிக்கு வந்தது. அவர் கிருமி வேறு, என் கிருமி வேறு. அவருக்கு மருந்தை மாற்றினார்கள். பழைய பாட்டில் என் கைக்கு வந்தது. மறுநாள் மாலை அவருக்குத் தொண்ணூற்று மூன்று. அதற்கடுத்த காலை தொண்ணூற்றாறு. குழாய்க்கு வேலையே இல்லை. ஆனால் சத்தியத்தை மீறியவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சம்பந்தி சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார்.

அன்று நர்ஸம்மா புது டப்பாவோடு என்னிடம் வந்தார். “அந்தச் சளி உங்களோடதுன்னு நீங்க சொன்னா போதுமா? என் கண்ணு முன்னாடி துப்புங்க.”

இருமினேன். ஒன்றுமில்லை. மூச்சைக் கட்டி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினேன். அடுத்த கட்டில் போர்வைகூட அசையவில்லை. ஏறிய மருந்து நெஞ்சைத் துடைத்துவிட்டிருந்தது. மொத்த வார்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

சுவர்ப் பக்கம் இருந்த தலை மெதுவாகத் திரும்பியது.

“சம்பந்தி, எனக்கு இப்போ நல்லா வருது. கொஞ்சம் தரட்டுமா?”

நர்ஸம்மா ஒரு நாற்காலியை இழுத்துவந்து எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.