குரங்கு வால் தைத்தவர்கள்

அம்மாவின் தையல் கடையில் ஒரு சட்டம் உண்டு. கூட வேலை செய்யும் அக்காவிடம் அம்மா அதைத் தினமும் ஓதுவாள்: "தெரியாதுன்னு மட்டும் வாயத் திறந்து சொல்லிடாதே. வந்த கிராக்கி அப்படியே பக்கத்துக் கடைக்குப் போயிடும்." கடைக்குச் சொன்னது அது. மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மகளோ அதை உலகத்துக்கே பொதுச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். பாவம், பத்து வயதுப் புத்திக்கு அவ்வளவுதான் எட்டும்.

புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து அவள் வாயில் 'தெரியும்' தவிர வேறு பேச்சு இல்லை. வகுப்பில் அவளுக்கு வைத்த பெயரே 'புதுசு'தான். "புதுசு, இந்த விளையாட்டு எப்படின்னா..." என்று கண்ணாடி போட்ட பெண் ஆரம்பித்தால், "தெரியும்" என்று பாதியிலேயே வெட்டிவிடுவாள். நெட்டைப் பெண் விடுகதை போட்டால், யோசிக்கிற மாதிரி முகத்தைக்கூட வைத்துக்கொள்ளாமல், "பழசு, எனக்குத் தெரியும்" என்பாள். தெரியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் எல்லோரும் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார்கள் என்று அவளுக்கு உள்ளூர உதறல். கடைசியில் என்ன ஆயிற்று? அவள் அப்படிச் சொல்லாமலேயே எல்லோரும் போய்விட்டார்கள். மதியச் சாப்பாட்டைத் தனியாகத் தின்று, டப்பாவையும் தனியாகக் கழுவினாள். தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டாள்.

அப்போதுதான் பள்ளி நாடகம் வந்தது. வாண்டு என்று எல்லோரும் கூப்பிடும் பையனுக்குக் குரங்கு வேஷம். துணியும் பஞ்சும் வந்தாயிற்று. வால் தைக்கத்தான் ஆள் இல்லை. "உங்கம்மா டெய்லர்தானே, உனக்குத் தைக்கத் தெரியுமா?" என்று நெட்டை கேட்டாள். இத்தனை நாள் கழித்து அவளாக வந்து கேட்கிறாள். விட மனசு வருமா?

"தெரியும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். "கையில குத்திக்குவே, போய்ப் படி" என்று அம்மா அவளை ஊசிப் பக்கமே விட்டதில்லை.

மதிய இடைவேளையில் வாலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நெட்டை, கண்ணாடிக்காரி, வாண்டு மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை நுழையாது, ஊசிக் காதில் நூலா நுழையும்? எச்சில் தொட்டு, முறுக்கி, ஒருவழியாகக் கோத்துவிட்டாள். பிறகு அம்மாவைப் போலவே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு குத்தினாள், இழுத்தாள், குத்தினாள், இழுத்தாள். நூலைப் பல்லால் கடித்து, "இந்தா" என்று எழுந்தாள்.

வாலும் கூடவே எழுந்தது. அதைத் தன் பாவாடையோடு சேர்த்து, பிரிக்க முடியாத நெருக்கத்தில் தைத்து வைத்திருந்தாள்.

வாண்டு தரையில் விழுந்து சிரித்தான். அவளுக்கு முகமெல்லாம் சூடாகி, கண் முட்டிக்கொண்டு வந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? "எனக்குத் தைக்கவே தெரியாது," என்றாள். சொல்லிவிட்டு, அவர்கள் கிளம்பிப் போவதற்காகக் காத்து நின்றாள்.

யாரும் போகவில்லை. கண்ணாடிக்காரி கத்தரிக்கோலோடு வந்து அவள் முன்னால் மண்டியிட்டாள். "ஆடாம நில்லு, பாவாடை கிழிஞ்சிடும்."

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றாள் நெட்டை.

"சொன்னா போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

"நல்லா இருக்கு கதை. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் நாங்க எதுக்குன்னுதானே ஒதுங்கிட்டோம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதை யோசித்தாள். தாங்கள் அவளுக்கு வேண்டாதவர்கள் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள். கனவில்கூட அவளுக்கு இது தோன்றியதில்லை. மனசு லேசாகி, அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்துவிட்டது.

அன்று நாலு பேரும் ஆளுக்கொரு பக்கமாக வாலைப் பிடித்துத் தைத்தார்கள். ஒருவருக்கும் தைக்கத் தெரியாது. ஆனாலும் பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லை.

நாடகத்தன்று குரங்கு ஒரே ஒரு குட்டிக்கரணம்தான் போட்டது. வால் அறுந்து பறந்து, முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியரின் மடியில் போய் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

திரைக்குப் பின்னால் டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றார். "யார் தைச்சது இதை?"

தையல்காரி மகள் பயந்துகொண்டே கையைத் தூக்கினாள். நெட்டை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இவ மட்டும் இல்ல டீச்சர். நாங்க நாலு பேரும்."