ஏழு மணி ஊசி

மூன்று வாரமாக அந்த வீட்டுக் கூடத்தில் தரை ஈரமாகவே கிடந்தது. யார் துடைப்பது என்பதில்தான் தகராறு.

கணவர் பேருந்து ஓட்டுநர். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் மதியம் இரண்டரைக்குத் திரும்புவார். மனைவிக்குத் துணித் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு. ஒன்றரைக்குப் போனால் வீடு வரப் பத்தரை ஆகும். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் இருவரையும் பார்ப்பது மேனேஜர் ஒன்றுதான்.

மேனேஜர் ஒன்பது வயதுப் பெண் நாய். ஒரு வேலையும் செய்யாமல் சோபாவில் சாய்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் முறைப்பதால் மனைவி வைத்த பெயர் அது. இப்போது கூடத்திலேயே சிறுநீர் கழித்துவைப்பதும் அதுதான்.

“நீ காலைல வெளிய கூட்டிட்டுப் போறதில்ல, அதான்” என்று கணவர் போனில் சொல்வார். “நீங்க சாயங்காலம் போறீங்களா?” என்று அவள் கேட்பாள். ஒருநாள் எரிச்சலில் அவர் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டுப் படுத்தார். எழுந்து பார்த்தபோது நாய் குளியலறைத் தரையை நக்கிக்கொண்டிருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

ஞாயிறன்று நாயைக் குளிப்பாட்டிய மனைவி கையை முதுகிலேயே நிறுத்திவிட்டாள்.

“ஏங்க, எலும்பு தட்டுதுங்க. வைக்கறதெல்லாம் ஒரு பருக்கை விடாம தின்னுது. தின்னதெல்லாம் எங்க போகுது?”

கால்நடை மருத்துவர் அம்மா நாயைத் தொடும் முன்பே கேட்டார்: “தண்ணி நிறைய குடிக்குதா?”

“குடம் குடமா” என்றாள் மனைவி.

ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு, “சர்க்கரை” என்றார்.

“நாய்க்குமா?”

“நாய்க்கும்தான். நல்லா தின்னும், ஆனா இளைக்கும். தண்ணி குடிக்கும், வீட்டுக்குள்ளயே போகும். எல்லாரும் வயசாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க, இல்ல திட்டுவாங்க. சிலர் தண்ணியையே எடுத்து வச்சிடுவாங்க. அதை மட்டும் செய்யாதீங்க. சிறுநீரா அவ்வளவு போறதாலதான் அவ்வளவு குடிக்குது.”

ஓட்டுநர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை ஏழு மணிக்கு ஒரு இன்சுலின் ஊசி, மாலை ஏழு மணிக்கு ஒன்று. முதலில் சாப்பாடு, அப்புறம்தான் ஊசி. சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் போன் செய்ய வேண்டும். தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்துக் குத்த மருத்துவர் கற்றுக்கொடுத்தார். காலை மனைவிக்கு, மாலை கணவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் காலைத் தூக்கம் போயிற்று. அவருக்கோ ஏழு மணிவரை கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. தன் தங்கை வீட்டு விசேஷத்திலிருந்து அவர் பாதியில் கிளம்பியபோது, “நாய்க்கு ஊசியாம்!” என்று உறவே சிரித்தது.

ஐந்தாவது வாரம் அவர் ஓட்டும் பேருந்து பட்டறைக்குப் போனதால் ஒருநாள் விடுப்பு கிடைத்தது. மனைவி அசந்து தூங்குவதைப் பார்த்து, பாவம் தூங்கட்டும் என்று தானே சாப்பாடு வைத்து, ஊசியும் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். அலாரம் அடித்து எழுந்தவள் வழக்கம்போலச் சாப்பாடு வைத்தாள். மேனேஜர் அதையும் ஒரு பிடி பிடித்தது. ஊசி போட்டுவிட்டு மறுபடி படுத்தாள்.

ஒன்பது மணிக்கு நாய் சோபாவிலிருந்து இறங்கும்போது பின்னங்கால் மடங்கி விழுந்தது. உடம்பு நடுங்கியது.

“இன்னிக்கு ஊசி போட்டேனே!” என்றாள் அவள்.

“நீ போட்டியா? நானும் போட்டேனே” என்றார் கடையிலிருந்து திரும்பியிருந்த அவர்.

அவள் மருத்துவருக்குப் போன் செய்தாள்.

மருத்துவர் போனில் கத்தினார்: “ரெண்டு ஊசியில சர்க்கரை இறங்கிடுச்சு. வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும். தேன் இருந்தா ஈறுல தடவுங்க. தடவிக்கிட்டே கிளம்பி வாங்க.”

வாடகைக் காரின் பின்சீட்டில் அவர் மடியில் நாயின் தலை. அவள் விரலில் தேன். யார் மேல் தப்பு என்று சண்டை போட இருவருக்கும் தெம்பில்லை. “என்னை எழுப்பியிருக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டாள். “எழுப்ப மனசு வரல” என்றார்.

முன்காலில் குளுக்கோஸ் ஏறியது. அவள் வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனை பெஞ்சில் மாலைவரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி உட்கார்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை. மாற்றி மாற்றி ஒருவர் தோளில் ஒருவர் தூங்கினார்கள். ஐந்து மணிக்கு மருத்துவர் வந்து, “தலையைத் தூக்கிடுச்சு. நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். அப்போதுதான் ஓட்டுநர் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்த கதையை மனைவியிடம் சொன்னார். “நானும் ஒருநாள் அதை அடிச்சேன்” என்றாள் அவள்.

அதன்பின் ஒருநாளைக்கு இரண்டே சிரிஞ்சை டப்பாவில் எடுத்து வைத்தார்கள். மதியத்துக்கு முன் ஒன்று குறைந்திருந்தால் காலை ஊசி போட்டாயிற்று என்று அர்த்தம்.

சர்க்கரை கட்டுக்குள் வந்தது. தரை காய்ந்தது. ஆனால் நாலாவது மாதம் மேனேஜரின் கண்கள் பால் படர்ந்ததுபோல் வெளுத்தன. இந்த நோயில் இப்படி ஆவதுண்டு, அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம், ஆனால் இதன் உடம்புக்கு இப்போது வேண்டாம் என்றார் மருத்துவர். இரண்டு நாள் கதவிலும் நாற்காலியிலும் இடித்துக்கொண்டது. பிறகு மோப்பத்தாலேயே வழி பிடித்துக்கொண்டது. இவர்கள் சோபாவை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை.

“எத்தனை நாளைக்குங்க இப்படி?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள்.

“அது இருக்கற வரைக்கும்.”

“அதுவரைக்கும் நாம இருக்கணுமே” என்று சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், கொட்டாவிதான் வந்தது. சுவரில் மணி ஆறே முக்கால். நாய்ச் சோற்றைப் பிசைய அவள் எழுந்தாள். அடுப்படிச் சத்தம் கேட்டு மேனேஜர் சோபாவிலிருந்து மெதுவாக இறங்கியது.