காட்டெருமைக்கு ஒரு வீட்டுப் பெயர்

அமுதவல்லியின் எருமை காட்டு மிருகமாகப் பதவி உயர்வு பெற்ற சேதி, பஜ்ஜி மடித்த காகிதத்தில்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் அவள் புருஷன் மாது. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் நான்கு பஜ்ஜி வாங்கி, நான்கையும் தின்று முடித்த பிறகே காகிதத்தைப் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு ஒன்று மிச்சம் வைக்கத் தோன்றாத ஆள், காகிதத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தான்.

எண்ணெய்க் கறைக்கு நடுவே படம் தெளிவாக இருந்தது. சித்தேரி மலையடியில் கருங்குட்டை. குட்டையில் கழுத்து வரை முங்கிக் கிடக்கும் ஒரு எருமை. மேலே கொட்டை எழுத்தில், ‘தர்மபுரி காட்டில் அழிந்துவரும் அசல் காட்டெருமை! பேராசிரியர் கண்டுபிடிப்பு.’ உலகத்திலேயே நாலாயிரம்கூட மிச்சமில்லாத இனமாம். அசாம், சத்தீஸ்கர் பக்கம்தான் இருப்பதாக இதுவரை நினைத்திருந்தார்களாம். நம் பக்கத்தில் காட்டெருமை என்று சொல்கிறோமே, அது வேறு இன மாடாம். இதுதான் வீட்டு எருமைகளுக்கெல்லாம் மூத்த குடியாம்.

“நம்மூட்டு எருமை மாதிரி இல்ல?” என்றான் மாது.

“மாதிரி என்னா மாதிரி? அதேதான்.”

இடது கொம்பு தழைந்து காதை ஒட்டி இறங்கியிருந்தது. போதாக்குறைக்கு அந்தப் பார்வை. போட்டோ எடுத்தவனையும் சேர்த்து உலகத்தில் ஒருத்தரையும் மதிக்காத பார்வை. அதை அமுதவல்லி ஆறு வருஷமாகப் பார்த்து வருகிறாள்.

எருமை காட்டுக்குப் போனதில் மர்மம் ஒன்றும் இல்லை. அந்த ஊரில் பால் வற்றிய சினை எருமைகளைத் தை மாசத்தில் சென்றாயனிடம் ஒப்படைப்பார்கள். அவன் மலையடிக்கு ஓட்டிப்போய் மேயவிட்டு, கன்று போடும் நாள் நெருங்கும்போது திரும்ப ஓட்டிவருவான். இந்த வருஷம் பதினாறு போயின, பதினைந்து வந்தன. “அது ஒண்ணு மட்டும் எம்பேச்சு கேக்கலீங்கக்கா. எத்தினி குரல் குடுத்தாலும் திரும்பிக்கூடப் பாக்கல,” என்று சென்றாயன் தலையைச் சொறிந்தான். ஒரு மாசமாக அவள் தேடாத ஓடை இல்லை.

கிடைத்துவிட்டதே என்று அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே நாள் கணக்கு நினைவுக்கு வந்தது. எருமை நிறைமாசச் சினை. போன ஈற்றில் கன்று கால் மடங்கிக் குறுக்கே நின்றுவிட்டது. டாக்டர் வர நேரமாகி, இவள்தான் முழங்கை வரை விளக்கெண்ணெய் தடவிக் கையை விட்டுக் காலை நிமிர்த்தினாள். அப்படியும் கன்று தங்கவில்லை, தாய் மட்டும் பிழைத்தது. இந்த முறை காட்டில் தனியாகக் கிடந்து போராடினால் இரண்டும் போய்விடும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஐந்து நாள் இருந்தால் அதிகம்.

கயிற்றை எடுத்துக்கொண்டு கருங்குட்டைக்கு ஓடினால், அங்கே திறப்பு விழா போல் சுற்றிலும் ரிப்பன் கட்டியிருந்தது. மரத்துக்கு மரம் கேமரா. ரேஞ்சர் நிர்மலாதேவி ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். பக்கத்தில் பேராசிரியர் மாதவராஜ், பச்சைத் தொப்பியும் பன்னிரண்டு பை வைத்த சட்டையுமாக. ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் எடுப்பவர். பதினெட்டு வருஷ சர்வீசில் புதிதாக ஒரு தவளையைக்கூடக் கண்டுபிடிக்காத மனிதர். கிடைத்த எருமையை லேசில் விடுவாரா?

“மேடம், இது எங்கூட்டு எருமைங்க,” என்றாள் அமுதவல்லி.

பேராசிரியர் முந்திக்கொண்டார். “அம்மா, அது கரையேறும்போது பாத்தேன். முழங்காலுக்குக் கீழ வெள்ளையா இருக்கு. காட்டு இனத்தோட அடையாளம்.”

“பொறந்ததிலருந்தே அப்படித்தாங்க. சாக்ஸ் போட்ட மவராசின்னு ஊரே கிண்டல் பண்ணும்.”

“காதுல கவர்மெண்ட் வில்லை இல்லையே?”

“முள்ளுல மாட்டிப் பிஞ்சிருக்குதுங்க. காது கிழிஞ்சிருக்குது பாருங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன். காட்டு வாழ்க்கையில வாங்கின காயம்!”

அமுதவல்லி போனில் பொங்கல் போட்டோவைக் காட்டினாள். கொம்பில் நீலப் பெயிண்ட், கழுத்தில் மாலை, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு மாது. பேராசிரியர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “எருமைன்னா எல்லாம் கறுப்பாத்தான் இருக்கும்,” என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பு தன் கண்டுபிடிப்புக்கும் சேர்த்துத்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

நிர்மலாதேவி நியாயஸ்தர். “எனக்கும் சந்தேகந்தாம்மா. ஆனா பேப்பர்ல வந்துருச்சு, மேல இருந்து போனும் வந்துருச்சு. வெளியூர்ல இருந்து நிபுணர் வர இருபது நாள் ஆகும். அதுவரைக்கும் யாரையும் கிட்ட விட முடியாது.”

“இருபது நாளா? அது அஞ்சு நாள்ல ஈனிடுமுங்க! கன்னு குறுக்க நின்னா யாருங்க கையை விடறது? இந்த சாரா?”

பேராசிரியர் இரண்டு கையையும் பைக்குள் ஒளித்துக்கொண்டார். நல்லவேளை, பன்னிரண்டில் இரண்டு காலியாக இருந்தன.

ரேஞ்சர் யோசித்தார். “சரி. நாளைக்குக் காலைல எல்லாரையும் வெச்சுப் பாப்போம். நீங்க ரிப்பனுக்கு வெளிய நின்னு கூப்பிடுங்க. தீனி காட்டக்கூடாது, குச்சி கூடாது, கயிறு கூடாது. கூப்பிட்ட குரலுக்கு வந்துச்சுன்னா உங்க எருமை, ஓட்டிட்டுப் போங்க. வரலன்னா நிபுணர் வந்து சொல்லட்டும்.”

“வருமுங்க!” என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அமுதவல்லிக்கு வியர்த்தது. கூப்பிடலாம். ஆனால் ஊர் முன்னால் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது?

ஆறு வருஷத்துக்கு முன்னால், நாத்தனார் வளைகாப்புப் பந்தியில், “எம்மருமவ கிண்டுன களியைச் சுவத்துல அடிச்சா சுவர் வுழுந்துரும்,” என்று மாமியார் கோவிந்தம்மாள் சொல்லப்போக, ஊரே இலை முன்னால் உட்கார்ந்து சிரித்தது. விழுந்த சுவர் ஒன்றும் இல்லை. அந்த வாரமே வீட்டுக்குக் குறுக்கே புதிதாக ஒரு சுவர் எழும்பியது. இரண்டு வாசல், இரண்டு அடுப்பு. மாமியாரும் மருமகளும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். மாது மட்டும் இரண்டு பக்கமும் சாப்பிட்டு ஒரு சுற்றுப் பெருத்தான்.

கொட்டகை மட்டும் பொதுவில் நின்றது. சுவர் எழும்பிய அதே வாரம் கன்றாக வந்ததுதான் இந்த எருமை. பேச்சு நின்றாலும் பேச வேண்டியது நிற்குமா? அமுதவல்லி எருமையை வைத்துச் சாடை பேச ஆரம்பித்தாள். “ஏய், நாலு வூட்டுக் கதை பேசறவளே, அடுத்தவ குடியைக் கெடுக்கறவளே, காலை நவுத்து!” என்று தண்ணீர் காட்டும்போதும், அது வளர்ந்து கறவைக்கு வந்தபின் பால் கறக்கும்போதும் முழங்குவாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோவிந்தம்மாள், “கேட்டுக்க எருமை, களி கிண்டத் தெரியாதவளுக்கு வாய் மட்டும் வண்டி வண்டியா இருக்குது!” என்று திருப்பிக் கொடுப்பாள். தினம் சாயங்காலம் அரை மணி நேரம். எருமை பின்னங்காலை அகட்டி நின்று, பருத்திக்கொட்டையை மென்றபடி தாராளமாகப் பாலை இறக்கிவிடும். சண்டை சூடு பிடித்த நாளில் பால் அரை லிட்டர் கூடுதலாக வரும் என்பதை மாதுகூடக் கவனித்திருக்கிறான்.

இதில் ஒரு ரகசியம் இருந்தது. கோபம் உச்சத்துக்குப் போகும்போது, குரலைத் தாழ்த்தி, எருமையின் காதோடு அவள் சொல்லும் பேர் ‘கோவிந்தம்மா’. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவாள். அந்தப் பேரை எருமைக்கு வைத்து, ஏவி, குளிப்பாட்டி, திட்டி, ஆறு வருஷம் ஆனந்தமாக இருந்துவிட்டாள். எருமையும் வேறு பேருக்குத் திரும்பாமல் பழகிவிட்டது. சென்றாயன் பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

எருமை போன நாளிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கிழவி இருமுவது மட்டும் கேட்கும். எருமை இல்லாமல் யாரை வைத்துத் திட்டுவது? அந்த அமைதி அமுதவல்லிக்குத் துளியும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் கருங்குட்டையில் ஊரே கூடியிருந்தது. ஒருவன் சுண்டல்கூட விற்றான். பேராசிரியர் புதுத் தொப்பி போட்டிருந்தார். சற்றுத் தள்ளி, புங்க மரத்தடியில், கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு கோவிந்தம்மாளும் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அமுதவல்லி முகத்தைக் குட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“கூப்பிடுங்க,” என்றார் ரேஞ்சர்.

“லட்சுமீ...” என்று குரலில் தேன் குழைத்தாள்.

எருமை அசையவில்லை. அதன் முதுகிலிருந்த கொக்குதான் திரும்பிப் பார்த்தது.

“தங்கம், வாம்மா...”

தங்கம் காதை ஆட்டி ஒரு ஈயை விரட்டியது.

“ஏய் ராசாத்தி!”

ராசாத்தி மூக்கு வரை தண்ணீருக்குள் போனாள். கூட்டம் சிரித்தது. பேராசிரியர் நோட்டைத் திறந்து, “மனிதக் குரலுக்கு எதிர்வினை இல்லை,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே எழுதினார்.

அப்போது எருமை மெல்லக் கரைப்பக்கம் நகர்ந்து திரும்பி நின்றது. வால் மூட்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்ததை அமுதவல்லி பார்த்தாள். ஐந்து நாளாவது ஒன்றாவது, இன்றைக்கே ஈன்றுவிடும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “மேடம்...” என்று திரும்பினாள். “வேற வழி இல்லம்மா,” என்றார் ரேஞ்சர். அவர் முகமும் வாடித்தான் போயிருந்தது.

“அது பேரைச் சொல்லிக் கூப்புடுடி!”

குரல் புங்க மரத்தடியிலிருந்து வந்தது. ஆறு வருஷத்தில் மாமியார் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

“என்னாடி முழிக்கற? சுவத்துக்கு அந்தாண்ட படுத்திருக்கறவளுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? ஆறு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கறேன். சொல்லு, எம்பேரைச் சொல்லு! புள்ளத்தாச்சி தண்ணியில கெடக்கறா, இவ மரியாதை பாத்துக்கிட்டு நிக்கறா!”

அமுதவல்லிக்கு முகம் வெந்துபோனது. வெட்கத்திலா நன்றியிலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “கோவிந்தம்மா!” என்றாள்.

சுண்டல்காரன் வியாபாரத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். மாது நைசாக நகர்ந்து ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றான். எருமையின் தலை உயர்ந்தது. காதுகள் விறைத்தன. கரையைப் பார்த்தது. ஆனால் வரவில்லை.

“சாமி கும்புடற மாதிரி கூப்ட்டா வருமா? தெனம் கூப்புடற மாதிரி கூப்புடு!”

“அடியே கோவிந்தம்மா! நாலு வூட்டுக் கதை பேசறவளே! அடுத்தவ குடியைக் கெடுக்கறவளே! வாடி இங்க!”

சொல்லிக்கொடுத்தவள்தான்; ஆனாலும் நேரில் கேட்டபோது கோவிந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டது. குடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். “யாருடி குடியைக் கெடுத்தது? களி கிண்டத் தெரியாத கழுதைக்கு வாயைப் பாரு!”

“பந்தியில வெச்சு எம்மானத்தை வாங்குனது யாருங்க? நீங்கதானுங்களே அத்தே!” நேருக்கு நேர் என்றதும் ‘ங்க’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குரலில் மட்டும் மரியாதை இல்லை.

“ஒரு களிக்குக் குறுக்க சுவர் வெச்சியே, அன்னிக்கு எம்மானம் எங்கடி போச்சு? பெத்த மவனை சுவத்துக்கு அந்தாண்ட அனுப்பிட்டுத் தனியாத் தின்னேனே, அது தெரியுமாடி உனக்கு?”

“அவரு உங்ககிட்டயும் தின்னுட்டுத்தானே எங்கிட்ட வந்தாரு!”

குட்டை குலுங்கியது. கொக்கு பறந்தது. எருமை தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி, ரிப்பனை இடது கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு, பேராசிரியர் துள்ளி விலகிய இடைவெளியில் நடந்து, இரண்டு பெண்களுக்கும் நடுவே வந்து நின்றது. பின்னங்காலை அகட்டியது. பருத்திக்கொட்டை எங்கே என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. சண்டை வளைகாப்புப் பந்தியிலிருந்து கல்யாணச் சீர் வரைக்கும் போய்விட்டிருந்தது.

“இது வந்து... ஒருவகையான...” என்று பேராசிரியர் ஆரம்பித்தார்.

“சார், அந்த ரிப்பனைக் கொஞ்சம் சுத்தி எடுத்துருங்க,” என்றார் நிர்மலாதேவி. பிறகு ஒரு தாளை ஜீப்பின் முகப்பில் வைத்து, எருமையை ஒப்படைத்ததாக எழுதினார். “எருமை பேரும் எழுதணுமாம்மா?” என்று அமுதவல்லியைப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள்.

“எழுதுங்க,” என்றாள் கோவிந்தம்மாள். “கோவிந்தம்மாள். முழுசா எழுதுங்க. கடைசி ‘ள்’ளை வுட்றாதீங்க.”

பொழுது சாய்வதற்குள் கொட்டகையில் எருமைக்கு வலி கண்டது. கன்று இந்த முறையும் காலை மடக்கிக்கொண்டுதான் நின்றது. கோவிந்தம்மாள் எருமையின் தலையை மடியில் அணைத்துக்கொண்டாள். “பயப்படாதடி, பொறுமையா வுடு, எலும்புல இடிக்காம நிமுத்து,” என்றாள். எருமையிடம் அல்ல, நேராக மருமகளிடம். அமுதவல்லி முழங்கை வரை விளக்கெண்ணெய் தடவினாள். கையை விட்டுக் காலை நிமிர்த்தினாள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. கிடேரி, பெண் கன்று. நான்கு காலும் வெள்ளை. மூச்சு இருந்தது. அமுதவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கோவிந்தம்மாள் வைக்கோலால் கன்றின் மூக்கைத் துடைத்தாள். மருமகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கன்றின் காதோடு குனிந்து, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும் குரலில் சொன்னாள்:

“அடியே அமுதவல்லி! வாழ வந்த வூட்ல என்னாடி இந்நேரத்துக்குப் படுக்கை? எந்திரிடி சோம்பேறி!”

அமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கன்று எழுந்து நின்றுவிட்டது.