முடிச்சாச்சா?

அன்று பிற்பகல் முன்னறையில் இருந்தவர்கள் நால்வர். நாயைச் சேர்த்தால் ஐவர். அவரவர் உட்கார்ந்திருந்த இடமாவது: ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் கீழ்வீட்டம்மா. கட்டடம் அவருடையது, ஆகவே நல்ல நாற்காலியும் அவருக்கு. மேசைக்கு முன்னால் வெள்ளைத்தாளும் பேனாவுமாக, முதுகு வளையாமல், அத்தான். தையல் மிஷின் ஸ்டூலில் தம்பி, கைபேசியை அணைத்துத் தொடைக்கடியில் போட்டுக்கொண்டு. தரையில், ஓரம் தைக்கவேண்டிய திரைச்சீலைகளின் குவியலுக்கு நடுவே, அக்கா. மிஷினின் கால்மிதிமேல் தாடையை வைத்துக்கொண்டு பாபின்.

அக்காவுக்குத் தொழில் திரைச்சீலை தைப்பது. தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப்பிறந்தவன் தம்பி மட்டும்தான். அவன் கூப்பிடும் முறையிலேயே அவள் கணவருக்கும் அத்தான் என்ற பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது. குட்டியாக வந்த நாளில், மிஷினுக்குள் நூல் சுற்றும் பாபின் உருளைபோல அறைக்கு அறை உருண்டோடி நூலையெல்லாம் கால்களில் சுற்றிக்கொண்டதால் நாய்க்குப் பாபின் என்று பேர். இப்போது அதன் மீசை நரைத்துவிட்டது. ஓட்டம் நின்று நடையாகி, நடையும் யோசனை செய்து எடுத்துவைப்பதாகிவிட்டது.

கூட்டத்துக்குக் காரணமும் அதுதான். வீட்டுக்குள் ஒரு சொட்டு சிந்தி அறியாத நாய், மழைக்காலம் முடிந்ததிலிருந்து கண்ட இடத்தில் நனைத்துவைத்தது. நடைவழியில், கட்டிலடியில், ஒருமுறை தம்பியின் செருப்பிலேயே. மாடியில் மரப்பலகைத் தரை, நனைந்தது இறங்கிக் கீழ்வீட்டம்மாவின் கூரையில் மஞ்சளாக ஒரு வட்டம் பூத்துவிட்டது. மிருக டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார், ஒரு கோளாறும் இல்லை, வயசுதான் என்று கைகழுவிவிட்டார். நாய் போகட்டும், இல்லையென்றால் நீங்கள் போங்கள் என்றார் கீழ்வீட்டம்மா. ஊருக்கு வெளியே கிழட்டு நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றிலிருந்து பதில் வந்திருந்தது. இடம் இருக்கிறது, நாயின் பழக்கவழக்கங்களை விவரமாக எழுதி அனுப்புங்கள், கடிதம் கண்டதும் வண்டி அனுப்புகிறோம்.

அந்தக் கடிதத்தைத்தான் அத்தான் எழுத உட்கார்ந்திருந்தார். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஊசி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"வணக்கம், நலம், எல்லாம் போட்டாச்சு," என்றார் அத்தான். "விஷயத்துக்கு வரணும். வீட்டுக்குள்ள நாய், அதாவது, இது... என்ன வார்த்தை போடறது?"

"அசுத்தம்னு போடுங்க," என்றார் கீழ்வீட்டம்மா.

"அசுத்தம்னா சேறா, எச்சிலா, முடியான்னு தெரியாதேம்மா. விவரமான்னு கேட்டிருக்காங்க."

"சிறுநீர், மலம்," என்றான் தம்பி.

"ஆஸ்பத்திரியில சேக்கப்போறோம்னு நெனச்சுக்குவாங்க."

"அப்ப கழிவுன்னு போடுங்க அத்தான். கௌரவமா இருக்கும்."

"ஏன்டா, நாய்க்குக் கழிவு உண்டுன்னு எழுதினா விலையில தள்ளித் தர்றோம்னு ஆகாதா?"

கீழ்வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த காரியம் நினைவுக்கு வர, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் நாய்க்கு விரோதி இல்ல. தூங்கலாம்னு அண்ணாந்து படுத்தா அந்த வட்டம் என்னையே பாத்துக்கிட்டிருக்கு, கண்ணு மாதிரி. நான் என்ன பண்ண?"

"துடைக்கிறதுல நான் குறை வைக்கலம்மா," என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

அது உண்மை. திரைச்சீலையின் உட்புறம் கொடுக்கும் பருத்தித் துணியில் மிஞ்சிய துண்டுகளை அவள் எறிவதே இல்லை. நனைந்த இடத்தில் துணியை மடித்துவைத்து, மேலே காலால் அழுத்தி நிற்பாள். தேய்த்தால் பலகைக்குள் ஓடிவிடும். அழுத்தினால் துணி குடித்துவிடும். அப்புறம் வினிகர் கலந்த தண்ணீர், அதன்மேல் சமையல் சோடா, காய்ந்தபின் தூரிகை, கடைசியாகத் திறந்த ஜன்னல். சுத்தம் செய்து நிமிர்ந்தால் பாபின் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது," என்றான் தம்பி. "பண்றதையும் பண்ணிட்டு மூஞ்சியப் பாக்குது பாருங்க, சம்பளம் வாங்க நிக்கிற மாதிரி. என் செருப்புல பண்ணிட்டு என்கிட்டயே வந்து நின்னுச்சே. திட்டினா இன்னும் கிட்ட வருது."

"வயசானா புத்தி கலங்கும்டா. எனக்கே கண்ணாடி எங்கன்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டே தேடறேன்," என்று சொல்லிவிட்டு அத்தான் எழுதலானார். பேனா தாளில் ஊர்ந்த சத்தம் பக்கத்து அறையில் யாரோ மெல்ல நடப்பதுபோல் இருந்தது.

வெயில் ஜன்னலில் தொங்கிய மெல்லிய துணியில் வடிகட்டி இறங்கியது. காற்று வரும்போதெல்லாம் துணி உப்பி, அறை முழுவதும் ஒருமுறை மூச்சிழுத்துவிட்டது. அக்காவின் மடியில் கிடந்த சீலை வெதுவெதுப்பாக இருந்தது. இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. குரல்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய் உட்கார்ந்தன. ஊசி துணியில் குத்தினபடியே நின்றது.

அவள் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். தினமும் விடியலில் நடக்கும் தெருதான். ஆனால் வீடுகளுக்குச் சுவர் இல்லை. வானத்திலிருந்து தரைவரைக்கும் சீலைகள் தொங்கின. எல்லாம் அவள் தைத்தவை, எந்த வீட்டுக்கு எந்த ஓரம் என்றுகூடத் தெரிந்தது. அவற்றுக்குப் பின்னால் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. சீலைகள் அந்த மூச்சுக்கு ஏற்ப உப்பித் தணிந்தன. பாபின் முன்னால் போய் ஒவ்வொரு சீலையையும் மூக்கால் விலக்க, அவள் குனிந்து நுழைந்தாள். தரை பால் உறைந்தாற்போல் இருந்தது. இதில் ஒரு கறை விழுந்தாலும் யாராவது எழுந்துவிடுவார்களே என்று அவளுக்குப் பதைப்பு. பாபின் ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி வந்து குந்தியது. அவள் நிஜத்தில் செய்வதுபோலவே செய்தாள். பிளாஸ்டிக் பையைக் கையுறைபோல் மாட்டி, கழிவை அள்ளி, தைத்த உறையைப் புரட்டுவதுபோல் வெளிப்புறத்தை உள்ளாக்கி, காற்றைப் பிதுக்கி, முடிச்சிட்டாள். பையில் சூடு இருந்தது, கனமே இல்லை. தூக்கிப் பார்த்தால் உள்ளே விளக்கு எரிவதுபோல் ஓர் ஒளி. வழக்கம்போல, தினமும் விடியலில் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே கேட்பதை, கேட்டாள்.

"முடிச்சாச்சா?"

கனவில் கேட்டது வாய்விட்டே வந்துவிட்டது.

கண் திறந்தபோது அத்தான் பேனாவோடு திரும்பி, "இல்லம்மா, இன்னும் ரெண்டு வரி இருக்கு," என்றார். அவள் தன்னைத்தான் கேட்டாள் என்று நினைத்துவிட்டார்.

ஆனால் இன்னொருவனும் தன்னைத்தான் கேட்டாள் என்று நினைத்தான். கால்மிதியிலிருந்து பாபின் எழுந்தது. முன்கால், பிறகு பின்கால், பிறகு ஒரு யோசனை. அறையின் நடுவுக்கு வந்தது. இரண்டு சுற்று சுற்றிக் குந்தியது. சில சொட்டுகள்தான்; அந்த நேரத்தில் அதனிடம் இருந்ததே அவ்வளவுதான். பிறகு அக்காவிடம் வந்து உட்கார்ந்து, முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"பாத்தீங்களா?" என்று எழுந்தான் தம்பி. "கூட்டம் போட்டு அதப்பத்தியே பேசறோம், நடுச்சபையில வந்து..."

"சும்மா இருடா."

அக்கா பாபினின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவறு செய்த பார்வை இல்லை அது. சொன்ன வேலையைச் செய்து நிற்கும் பார்வை. பிஸ்கட் வரும் கையைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்குள் ஏதோ ஒரு நூல் மெல்ல இழுபட்டது. மழை நாட்களில், குடைக்கடியில் நடுங்கிக்கொண்டு, சீக்கிரம் வீடு சேரும் அவசரத்தில், நாய் குந்துமுன்னேயே "முடிச்சாச்சா, முடிச்சாச்சா" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. கேட்டதும் அது குந்தும். சமர்த்து என்று பிஸ்கட் கொடுப்பாள். இத்தனை காலமும் அவள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். பாபின் அதைக் கட்டளையாக வாங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றாள். குரல் இன்னும் கனவின் ஓரத்தில்தான் இருந்தது. "நாள் பூரா ஃபோன்ல என்னடா பேசுவ?"

தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வை. மழைக்காலம் முடிகையில் கம்பெனி அவனுக்குத் தந்திருந்த தங்கும் அறையைக் காலிசெய்து, வீட்டிலிருந்தே வேலை பார் என்று சொல்லிவிட்டது. அப்போதுதான் அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"வேலைதான் பேசுவேன். எந்தக் கட்டடத்துல யாரு நிக்கிறான், பெல்ட் மாத்தினானா, கதவு சரியாச்சா..."

"அதை எப்படிக் கேப்ப? வாயால சொல்லாத. யோசிச்சுப் பாரு."

தம்பி யோசித்தான். நடைவழியில் உலாத்தியபடி, கட்டிலில் சாய்ந்தபடி, வாசலில் செருப்பை மாட்டியபடி தான் கேட்பதை நினைத்துப் பார்த்தான். உதடு 'மு' என்று குவிந்தது. கை எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அட பாவமே," என்றார் கீழ்வீட்டம்மா.

"மெக்கானிக் ஒருத்தன்கூட என் பேச்சக் கேக்கறதில்லக்கா," என்றான் தம்பி, கை இடுக்கு வழியாக. "இது ஒண்ணுதான் கேட்டிருக்கு. அதைப் போய் நான் திட்டினேன்."

அக்கா அழவில்லை, ஆனால் பருத்தித் துண்டை மடித்து ஈரத்தின்மேல் வைத்து அழுத்தி நின்றபோது, தேவைக்கு மேல் நெடுநேரம் நின்றாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கிடைக்காத பிஸ்கட்டுக்காக, ஒவ்வொரு முறையும் திட்டு வாங்கிக்கொண்டு பாபின் காத்திருந்திருக்கிறது.

கீழ்வீட்டம்மா லேசில் நம்புகிறவர் இல்லை. "கண்ணால பாத்தாத்தான் ஒத்துக்குவேன். என் தலைக்கு மேல வேண்டாம், முற்றத்துல," என்றார். அக்கா பாபினை இறக்கிக் கொண்டுபோய்ச் சுவரோர மரத்தடியில் நிறுத்தினாள். மேலே ஜன்னலில் மூன்று தலைகள். பாபின் இலை ஒன்றை முகர்ந்துகொண்டு சும்மா நின்றது. அவள் குனிந்து அந்தச் சொல்லை அதன் காதில் மட்டும் சொன்னாள். அது இரண்டு சுற்று சுற்றியது, குந்தியது. வருவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் குந்தியே இருந்தது. பிறகு அண்ணாந்து பார்த்தது. அக்கா பிஸ்கட் உறையை எடுத்தாள். மரத்தின் இலைகளுக்கிடையே வெயில் பொடிப்பொடியாக நாயின்மேல் விழுந்து அசைந்தது. அது மென்ற சத்தம் மேலே ஜன்னல்வரை கேட்டது.

"பெத்ததுங்ககூட இப்படிச் சொன்ன பேச்சு கேக்காதுப்பா," என்றார் கீழ்வீட்டம்மா. "சரி. அந்த வட்டத்துக்கு வெள்ளையடிச்சுத் தரணும். இனிமே ஒரு சொட்டு இறங்கினா அப்ப இருக்கு."

"நானே அடிச்சுத் தரேம்மா," என்றான் தம்பி. "ஃபோன்ல இனிமே ஆச்சான்னுதான் கேப்பேன். பழகற வரைக்கும் மொட்டைமாடியில நின்னு பேசறேன்."

அத்தான் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதுத் தாள் எடுத்தார். வணக்கம், நலம், எல்லாம் மறுபடி முறையாகப் போட்டார். பிறகு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "தாங்கள் அன்புடன் ஒதுக்கிய இடம் எங்கள் நாய்க்குத் தேவைப்படவில்லை. வேறு நாய்க்குத் தந்து உதவவும். இங்கு ஒரு சொல்லைப் பிழையாகப் பொருள் கொண்டது நாங்களே. நாய் சரியாகத்தான் கொண்டிருந்தது."

"என்ன சொல்னு கேப்பாங்களே?" என்றாள் அக்கா.

"எழுதலாம். அங்க யாராவது சத்தமா படிச்சு, அங்க இருக்கிற நாய்ல ஒண்ணு நம்ம பாபின் மாதிரி இருந்தா?"

எழுதாமலே கையெழுத்திட்டார். உறையின் பசையை நாக்கால் நனைத்து மூடி, ஓரம் முழுவதும் நகத்தால் தேய்த்தார். கீழ்வீட்டம்மா எழுந்து, "அப்ப எல்லாம் முடி..." என்றவர், எல்லோரும் திரும்பிப் பார்க்க, "ஆச்சா?" என்று கேட்டு வைத்தார். பாபின் ஒரு காதை மட்டும் அசைத்தது.

வெயில் தாழ்ந்தபின் அக்கா நாயோடு கிளம்பினாள். ஒரு கையில் வார், மறு கையில் கடிதம். வாரில், நாய்க்கழிவு அள்ளும் பைகளுக்காக அவளே தைத்துக் கோத்த உறை ஆடியது. "திரும்பி வரும்போது கையில இன்னொண்ணும் இருக்கும், அதனால போகும்போதே தபாலப் போட்டுடு," என்றார் வாசலில் அத்தான். "எதை எங்க போடறோம்னு பாத்துப் போடு."

தெருவில் அவள் தைத்த சீலைகளுக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. காற்றுக்கு அவை உப்பித் தணிந்தன, யாரோ உள்ளிருந்து மூச்சுவிடுவதுபோல. தபால்பெட்டியருகே பாபின் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தது. சொல் நுனிநாக்குவரை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டு, கடிதத்தைப் பெட்டியின் வாயில் நுழைத்துப் பிடியை விட்டாள். உள்ளே அது விழுந்த சத்தத்துக்கு நாய் ஒருமுறை தலையைச் சாய்த்துக் கேட்டது.