இளவரசிக்கு வாய்த்த கைகள்

சத்தியபாமா அந்தக் கதிரையில் இருக்கச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், அது கதிரை என்பதுதான்.

இரவு முழுக்க முதியோர் வார்டில் நின்றும் நடந்தும் குனிந்தும் கழித்துவிட்டு, காலையில் உடுப்பு மாற்றப் போனவளைத் தலைமை நேர்ஸான மேட்ரன் கூப்பிட்டு, "உன்னால் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?" என்று கேட்டார். தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கொழும்பிலும் சரி, மெல்பேர்ணுக்கு வந்த இந்த நாலு வருடத்திலும் சரி, ஒரு நேர்ஸிடம் யாரும் அப்படியொரு வேலை சொல்லி அவள் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தைத் திறந்துவைக்க, அந்த 1976ஆம் ஆண்டு இளவரசி எலனோர் இங்கிலாந்திலிருந்து வந்துபோயிருந்தார். அதன் நினைவாக அவருடைய உருவப்படத்தை முன்மண்டபத்தில் மாட்டுவதென்று நிர்வாகம் தீர்மானித்து, ரெக் பார்டன் என்ற ஓவியரைப் பிடித்திருந்தது. இளவரசியோ முகத்தை வரைய அரை மணி நேரம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். கழுத்துக்குக் கீழே வரைவதற்கு வேறொரு உடம்பு வேண்டியிருந்தது. இளவரசி நெடுநெடுவென்று வளர்ந்தவர், ஒல்லி. அந்த அளவுக்கு ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று தேடியபோது மேட்ரனின் ஞாபகத்துக்கு வந்தவள் சத்தியபாமா.

"என்னுடைய நிறம்?" என்று அவள் கேட்டாள்.

"அதை ஓவியர் பார்த்துக்கொள்வார்" என்றார் மேட்ரன்.

அவர் பார்த்துக்கொண்டார். மேல்மாடியில் ஒரு வெறும் அறையில், நீலப் பட்டுக் கவுன் ஒன்றை மாட்டிக்கொண்டு சத்தியபாமா கதிரையில் அமர்ந்தாள். பார்டன் மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். முதலில் அவளுடைய கையை உள்ளபடியே மண்ணிறத்தில் தீட்டினார். பிறகு அதன்மேல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கலந்து பூசினார். தன் கை தன் கண் முன்னாலேயே வெள்ளைக்காரியின் கையாகிப்போனதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் நித்திரை வந்துவிட்டது. ஒரு கை கதிரைப் பிடியிலும் மறு கை மடியில் மல்லாந்தும் கிடக்க, தோள்கள் தளர்ந்து, அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள். பார்டன் எழுப்பவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான் நடந்தது. அந்த அறையில் மணியடித்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாருக்கும் மலச்சட்டி வைக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த மிக நல்ல வேலை அது.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்லுகிற நேரம் வாய்க்கவில்லை. மல்கிரேவில் அவர்கள் புதிதாக வாங்கிய வீட்டுக்கு அவள் பஸ்ஸும் ரயிலும் மாறி வந்து சேரும்போது, புருஷன் ஜெயரட்ணம் வேலைக்குப் போயிருப்பார். அவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்போது அவள் வேலைக்குப் புறப்பட வேண்டும். மகன் சிட்னியில் படித்துக்கொண்டிருந்தான். புருஷன் பெண்சாதி இருவருக்கும் பொதுவான நேரம் குசினியில் சமைத்தபடி கழியும் அந்த ஒரு மணித்தியாலம்தான். அதில் பேச வேறு விஷயங்கள் இருந்தன. தண்ணீர்ப் பைப் ஒழுகுவது, மகனின் சளி, கொழும்பில் இருக்கும் தங்கச்சிக்கு வரன் பார்ப்பது.

படத்தைத் திறந்துவைத்த மறுநாளே சனம் முகம் சுளிக்கத் தொடங்கிவிட்டது.

முகத்தைப் பற்றி அவ்வளவு குறை இல்லை. நாடி கொஞ்சம் நீளம் என்றார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். கோபம் முழுவதும் கைகளின் மேல்தான். வரவேற்பு மேசைக்கு எதிரே, வருகிறவர் போகிறவர் எல்லோருடைய கண்ணிலும் படுகிற மாதிரி அந்தக் கைகள் தொங்கின. விரல் முட்டிகள் தடித்திருந்தன. புறங்கையில் நரம்பு எழும்பியிருந்தது. மடியில் மல்லாந்த கை, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன பொருளைப் போல இருந்தது. தோள்களோ இனி எழும்பவே மாட்டோம் என்பதுபோல் கிடந்தன.

"பாத்திரம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறாள்" என்று பார்வையாளர் நேரத்துக்கு வந்த ஒரு சீமாட்டி தன் தோழியிடம் சொன்னாள். யுத்தத்துக்குப் போய்வந்த கிழவர் ஒருவர், மார்பில் பதக்கங்களோடு வந்து, நிர்வாகியைக் கூப்பிடச் சொல்லிச் சத்தம் போட்டார். ஒரு பத்திரிகை கேலிப்படம் போட்டது. அதில் இளவரசி கிரீடத்தோடு நிலம் துடைக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றார். வானொலியில் காலை நிகழ்ச்சிக்கு ஆட்கள் தொலைபேசி எடுத்துப் பொரிந்து தள்ளினார்கள். அரச குடும்பமே வேண்டாம் என்கிற கட்சிக்காரர் ஒருவர் மட்டும், "முதல் தடவையாக ஓர் இளவரசி வேலை செய்தவள் மாதிரித் தெரிகிறாள், இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். அவரையும் ஏசினார்கள்.

சத்தியபாமாவின் வார்டிலும் இதே கதைதான். காய்ச்சலில் கிடந்த ஒரு கிழவிக்கு நெற்றியைத் துடைத்துவிடும்போது அவள் கண்ணைத் திறந்து, "அந்தக் கேவலமான கைகளைப் பார்த்தாயா, நேர்ஸ்?" என்று கேட்டாள்.

"பார்த்தேன்" என்றாள் சத்தியபாமா.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஆனால் ஒன்று நடந்தது. காலையில் வேலை ஒப்படைக்கும்போது மற்ற நேர்ஸுகளுக்கு நடுவில் கைகளை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள். ரயிலில் கைப்பைக்கு அடியில் கைகளை வைத்துக்கொண்டாள். மேட்ரனுக்கும் பார்டனுக்கும் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் செய்தாள்.

ஒரு சனிக்கிழமை, அவள் கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தபோது ஜெயரட்ணம் பேப்பரோடு குசினிக்குள் வந்தார். இலங்கையில் நில அளவையாளராக இருந்தவர், இங்கே குடிநீர் அலுவலகம் ஒன்றில் வரைபடம் கீறுகிறார். ஆங்கிலம் வழுவழுவென்று எழுதுவார். அலுவலகத்தில் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்க யாருமில்லாததால் பேப்பருக்குக் கடிதம் எழுதுவார். இதுவரை ஒன்றும் வந்ததில்லை.

"இஞ்சேரும், வந்திட்டுது" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். "என்ர பேரோட போட்டிருக்கிறான்."

"என்னத்தைப் பற்றி?"

"உம்மட ஆஸ்பத்திரிப் படத்தைப் பற்றித்தான். படத்தைப் பேப்பரில போட்டிருந்தாங்களே, பாத்திட்டு எழுதினனான். கேளும்."

கதிரையை இழுத்துப்போட்டு வாசிக்கத் தொடங்கினார். அரச குடும்பத்தின் மேல் காலங்காலமாக மதிப்பு வைத்திருக்கும் ஒரு கொமன்வெல்த் குடிமகன் என்ற முறையில் தன் மனவருத்தத்தைத் தெரிவிப்பதாகத் தொடங்கியது கடிதம். அரச குமாரியின் கைகள் என்று சொல்லி ஓவியர் நமக்குக் காட்டுபவை ஒருநாளும் ஓய்வைக் கண்டிராத ஒரு பெண்ணின் கைகள், பார்க்கவே மனம் கூசுகிறது, எந்த வீட்டிலிருந்து இவற்றைப் பிடித்து வந்தாரோ தெரியவில்லை என்று போனது.

சத்தியபாமா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கட வீட்டில இருந்துதான்" என்றாள்.

"என்ன?"

"அது என்ர கை. இளவரசிக்குப் பதிலா நான்தான் இருந்தனான். மேட்ரன் கேட்டவ."

ஜெயரட்ணம் முதலில் சிரித்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்தார். விரித்தார். திரும்பவும் மடித்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது?"

அவர் பேப்பரை மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்தி, "வேற ஆருக்கும் தெரியுமே?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவளைக் குத்தியது. லீக்ஸை அள்ளிச் சட்டிக்குள் போட்டுவிட்டுத் தண்ணீரைத் திறந்தாள். அந்தநேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ஜெயரட்ணத்தின் சிநேகிதர் கதிர்காமநாதன், கடிதத்தை வாசித்துவிட்டு, நன்றாகக் கொடுத்தீர்கள் என்று பாராட்ட எடுத்திருந்தார். "ஓம்... ஓம்..." என்று ஜெயரட்ணம் மெல்லச் சொல்வது குசினிக்குக் கேட்டது.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் டிராம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அவள் அதை அன்று பின்னேரம்தான் அறிந்தாள். வழக்கத்தை விட வெள்ளென வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து, அவள் ரொட்டிக்கு மாக் குழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ப் பாத்தனான்" என்றார்.

"ம்."

"கலியாணம் செய்யேக்க உம்மட கை இப்பிடி இல்லை."

"இல்லை."

"எப்ப இப்பிடி ஆனது?"

சத்தியபாமா மாவிலிருந்து கைகளை எடுத்துப் பார்த்தாள். "தெரியாது. நானும் படத்திலதான் கண்டனான்."

அவர் எழும்பி வந்து மாவைத் தான் குழைக்கிறேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்த மனிதரும் இல்லை. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, அன்றைக்கு இரவு அவள் புறப்படும்வரை, வழக்கமாகப் போடும் ரேடியோவைப் போடாமல் இருந்தார்.

அந்த வாரமே பார்டன் மேட்ரன் மூலமாகச் சொல்லியனுப்பினார். நிர்வாகம் நெருக்குகிறது, கைகளையும் தோள்களையும் திருத்திக் கொடுக்காவிட்டால் படத்தை இறக்கிவிடுவார்களாம். இன்னொரு தடவை வந்து இருக்க முடியுமா?

அவள் போக வேண்டுமென்று ஜெயரட்ணம் ஆசைப்பட்டார். "போம். போய் நிமிர்ந்து இரும். முதல் நாள் நல்லா நித்திரை கொண்டிட்டுப் போனால் சரிவரும். நான் எழுதினதுக்கும் ஒரு பரிகாரமாப் போகும்" என்றார்.

"எந்த நாள் நித்திரை கொள்ளுறது?" என்று கேட்டாள் அவள். ஆனாலும் போனாள்.

மேல்மாடி அறையில் பார்டன் ஒரு மாதத்தில் பத்து வயது கூடியவர்போல் இருந்தார். சவரம் செய்யவில்லை. சுவரில் சாய்த்துவைத்த படத்தின் முன்னால், தூரிகையைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தார். "என் அம்மாகூட வானொலிக்குத் தொலைபேசி எடுத்துத் திட்டினார்" என்றார். சத்தியபாமாவுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு கையை மற்றக் கையின்மேல் பக்குவமாக வைத்துக்கொண்டாள். பார்டன் கோடு போடத் தொடங்கினார். சற்று நேரத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தபோது தோள்கள் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தன. மன்னிப்புக் கேட்டு மறுபடி நிமிர்ந்தாள். மறுபடி இறங்கின. மூன்றாவது தடவை இருவருமே சிரித்துவிட்டார்கள்.

"உங்களால் முடியாது" என்றார் பார்டன். அதில் குறை சொல்லும் தொனி இல்லை.

"முடியாது. ஜனவரியில் எனக்கு லீவு வருகிறது. அப்போது கேளுங்கள்."

"அதுவரை பொறுக்க மாட்டார்கள்."

சத்தியபாமா யோசித்தாள். "உண்மையில் அவருடைய கை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

பார்டன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "நான் பார்க்கவே இல்லை. அரை மணி நேரமும் கையுறை போட்டிருந்தார்."

"பிறகென்ன? கையுறையைப் போட்டுவிடுங்கள். தோளுக்கு ஒரு சால்வை."

பார்டன் அவளை வெறித்துப் பார்த்தார். இத்தனை நாளும் இது தனக்குத் தோன்றாமல் போனதே என்ற வெட்கமும், அப்பாடா என்ற ஆறுதலும் அவருடைய முகத்தில் மாறி மாறி வந்தன. சாயத் தட்டில் வெள்ளையைப் பிதுக்கினார். முழங்கைவரை நீண்ட கையுறை, அதற்கு ஒருத்தியைப் பார்த்து வரையத் தேவையே இல்லை. விரல் முட்டிகள் மறைந்தன, நரம்புகள் மறைந்தன. மடியில் மல்லாந்த கை வெறும் வெள்ளைத் துணியாகிப் போனது.

"நீங்கள் போகலாம்" என்றார்.

"பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன்" என்றாள் சத்தியபாமா. அன்றுதான் கடைசி நாள் என்பது அவளுக்குத் தெரியும். தலையைக் கதிரையின் முதுகில் சாய்த்துக்கொண்டாள்.

படம் திரும்ப மாட்டப்பட்டபோது பேப்பர்கள் சின்னதாக ஒரு செய்தி போட்டன. பதக்கக் கிழவர் வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு போனாராம். அதன்பிறகு யாரும் அதை நின்று பார்க்கவில்லை. பூங்கொத்தும் பழக்கூடையுமாக வருகிறவர்கள் அதன் கீழே நின்று லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். சத்தியபாமாவும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு காலையில், முன்மண்டபத்தில் ஆளில்லாத நேரம், கிட்டப்போய் உற்றுப் பார்த்தாள். வெள்ளைப் பூச்சின் அடியில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. நல்லதுதான் என்று நினைத்தாள். ஆனால் ரயில் நிலையம்வரை நடக்கும்போது, எதையோ அங்கே விட்டுவிட்டு வந்ததுபோல் ஒரு வெறுமை கூடவே வந்தது. ரயிலில் இருக்க இடம் கிடைத்ததும் அதுவும் போய்விட்டது.

அன்றைக்கு ஜெயரட்ணம் தடிமன், தும்மல் என்று லீவு போட்டு வீட்டில் இருந்தார். அவள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தாள். கண் சொருகும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. கதிர்காமநாதன்தான். நீங்கள் எழுதியதால்தான் திருத்தினார்கள், இனியாவது ஒழுங்கான ஆளைப் பிடித்து வரையட்டும் என்பதுபோல் அவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை, அண்ணை" என்று ஜெயரட்ணம் சொல்வது அறைக்குக் கேட்டது. "நான் சரியாப் பாக்காமல் எழுதிப்போட்டன்." மறுமுனை ஏன் என்று கேட்டது போலும். "இல்லை, இப்ப விளக்கமாக் கதைக்கேலாது. இவ நித்திரை."

ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் நடந்து வந்து அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்த முயன்றார். புது வீட்டுக் கதவு, மரம் ஊறிக் கிறீச்சிட்டது. சத்தியபாமா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும். மதியத்துக்கு என்ன கறி என்றாவது அவர் கேட்பார். மறுபக்கம் திரும்பிப் படுத்து, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.