சிரிக்காமல் சொல்ல வேண்டிய வாக்கியம்

கடைக்கு வார விடுமுறை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, உள்ளே மூன்று பெண்கள் ஒத்திகைக் கோர்ட் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நீதிபதி, கடைக்காரியின் தங்கச்சி. முடிவெட்டும் நாற்காலியை மிதித்து மிதித்து உயரம் ஏற்றி, கறுப்புப் போர்வையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்த்தரப்பான கணவர் வேஷத்தில், அவர் தங்கையான நாத்தனார். தலை அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு, அசல் அண்ணனைப் போலவே. கடையில் சாயம் பூசுவது அவள்தான். கடை விலைபோனால் அவள் பிழைப்பும் போச்சு.

"ரத்த பாசமெல்லாம் எனக்கும் இருக்கு அண்ணி. ஆனா எங்க அண்ணன்கிட்டயிருந்து டிவி ரிமோட்டைக்கூட நான் வாங்கினதில்ல. நீங்க கடையை வாங்கிக் காட்டுங்க, பாக்கறேன்."

கடைக்காரியின் விவாகரத்து வழக்கில், சொத்துப் பிரிவினைக்கு நாளைக் காலைதான் முதன்முறையாக விசாரணை. வக்கீல் வைக்க அவளுக்குக் கட்டுப்படியாகாது. "நீங்களே பேசலாம். என்ன வேணும்னு கேப்பாங்க, தெளிவா சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அன்னைக்கே முடிஞ்சிடும்" என்று கோர்ட் உதவி மேசையில் சொல்லியிருந்தார்கள். அந்த 'ஒத்துக்கிட்டா'வில்தான் அவளுக்குப் பயம். கணவருக்குக் கடையை விற்க வேண்டும். அவளுக்குக் கடை வேண்டும்.

கத்துகிற மனிதராக இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் சிரிக்கவைக்கிறவர். சண்டை முற்றுகிற நேரம் பார்த்து ஒரு ஜோக்கை எடுத்துவிடுவார், அவள் பக்கென்று சிரித்துவிடுவாள். சிரித்த வாயால் அப்புறம் எப்படி மறுப்பது? அவள் சம்பாத்தியத்தில் வந்த கடையை இருவர் பேரிலும் எழுதியதுகூட அப்படியொரு சிரிப்பின் நடுவில்தான்.

"எதிர்த்தரப்பு பேசலாம்" என்றாள் தங்கச்சி.

நாத்தனார் எழுந்து, வழுக்கை அண்ணனைப் போல உச்சந்தலையைத் தடவினாள். "அம்மா, இவளோட பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தினேன். என் மண்டையைப் பாருங்க. ஒத்த முடி இருக்கா? அத்தனையும் இந்தக் கடைக்கு நான் போட்ட முதல்!"

கடைக்காரி வெடித்துச் சிரித்தாள். கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"கடை போச்சு. அடுத்த கேஸ்!" என்றாள் தங்கச்சி.

மறுபடி. இந்தத் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதற்றத்தில் கை சும்மா இருக்கவில்லை. எட்டி நீதிபதியின் நெற்றிமுடியைச் சரிசெய்தது.

"அக்கா! நாளைக்கு அங்க தலையில கை வெச்சீன்னா நேரா உள்ளதான்!"

மூவருமே சிரித்தார்கள். மறுபடி. சோகமான எதையாவது நினைத்துப் பார்த்தாள். பிரிந்த நாளை நினைத்தாள். அன்றைக்கும் அவர் ஏதோ சொல்லி அவள் சிரித்ததுதான் ஞாபகம் வந்தது. மறுபடியும் தோற்றாள்.

தலையை நிமிர்த்தியபோது எதிரே கண்ணாடி. கண் சுருங்கி, பல் அத்தனையும் தெரிய, ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரி அவளை உற்றுப் பார்த்தாள். அந்த முகம் யாரிடமும் எதையும் விட்டுக்கொடுத்த முகமாகத் தெரியவில்லை. வேடிக்கையாக இருக்கிறது, சிரிக்கிறாள், அவ்வளவுதான். சிரித்தாளே தவிர, சரி என்று எப்போது சொன்னாள்?

கீழே கிடந்த சீப்பை எடுத்துக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவை சொல்லு. அண்ணனை மாதிரியே சொல்லு."

நாத்தனார் அவர் குரலிலேயே சொன்னாள். கடைக்காரி அடக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தாள், துண்டால் கண்ணைத் துடைத்தாள், சிரிப்பு இன்னும் வாயில் இருக்கும்போதே நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்.

"கடையை விற்க எனக்குச் சம்மதமில்லைங்க. அவர் பங்கைத் தவணையில கொடுத்துடறேன். கடை என்கிட்டதான் இருக்கணும்."

நாத்தனார் தலையில் வைத்த கையை எடுக்க மறந்து நின்றாள்.

"அண்ணி, எங்க அண்ணன்கிட்ட இதுக்கு மேல சரக்கு கிடையாது."

"அக்கா, என்னை இறக்கிவிடு, தலை சுத்துது" என்றாள் தங்கச்சி.

"இருடி. இன்னொரு தடவை."

நாளைக் காலை வர இன்னும் இத்தனை நேரம் இருக்கிறதே என்றிருந்தது அவளுக்கு.