அத்தையின் வாய்

"வண்டிய அணைச்சுடுங்க மாப்ளே" என்று பின்சீட்டிலிருந்து கினுயோ அத்தை மறுபடியும் சொன்னாள்.

மொரியோ காதில் விழாததுபோல முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் நின்ற பால் லாரி மங்கலாகத்தான் தெரிந்தது. அத்தையின் முழங்காலை டாக்டரிடம் காட்டிவிட்டு மதியம் நகவோகா ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது சாதாரணப் பனிதான். மேட்டில் ஏதோ லாரி வழுக்கிக் குறுக்கே விழுந்து, பின்னால் வந்த வண்டியெல்லாம் வரிசையாக நின்றுபோயிற்று. இப்போது பொழுது சாயப்போகிறது. வீட்டில் அவன் மனைவி, அத்தையின் மகள் சயோரி அடுப்பையும் போனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அத்தைக்கு இந்த ஊர்ப் பனி என்றால் சொந்தப் பிள்ளை மாதிரி. அதைத் திட்டுவாள், ஆனால் மற்றவன் திட்டினால் விடமாட்டாள். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், சாலை நடுவே சின்னச் சின்னக் குழாய்கள் தண்ணீர் பீய்ச்சிப் பனியைக் கரைப்பதைப் பார்த்து மொரியோ விழுந்துவிழுந்து சிரித்தான். அவன் பிறந்த ஹொக்கைடோ ஜப்பானின் வடகோடி; அங்கே ரோட்டில் தண்ணீர் ஊற்றினால் மறுநிமிஷம் அது உறைந்து கண்ணாடி. அந்தத் தண்ணீர் பட்டுப்பட்டு ரோடே துருவேறிச் சிவந்து கிடப்பதைச் சொல்லியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அத்தை இன்றுவரை மறக்கவில்லை. கோதுமை மாவு மாதிரி ஊதினால் பறக்கிற பனியில் வண்டி ஓட்டிவிட்டு வீரம் பேசுகிறார் எங்க மாப்பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கும் அது உள்ளூரப் பிடிக்கும். வேறு யார் அவனை இவ்வளவு உரிமையோடு கிண்டல் செய்கிறார்கள்?

"எங்க ஊர்ல அணைச்சா செத்தோம் அத்தை" என்றான்.

"எங்க ஊர்ல அணைக்கலேன்னா செத்தோம். இது ஈரப் பனி. சைலன்சர் வாயில ஒட்டுச்சுன்னா பிசைஞ்ச மாவு மாதிரி அடைச்சுக்கும். அந்த விஷப்புகை உள்ளதான் வரும். வாசனைகூடத் தெரியாது."

அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் தெரிந்ததற்கும் மேலே ஒன்று அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அவன் அண்ணன் அங்கே கிதாமி என்ற ஊருக்குப் போகிற வழியில் பனிப்புயலில் சிக்கி, பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம் என்று எஞ்சினை அணைத்தவன். விடிந்து தேடிப்போனபோது ஸ்டியரிங்கில் கை வைத்தபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து மொரியோ பெட்ரோலைப் பாதி டாங்குக்குக் கீழே இறங்கவிட்டதில்லை. அணைத்த வண்டிக்குள் உட்கார்ந்ததும் இல்லை.

இருந்தாலும் அத்தை பேச்சைத் தட்டமுடியாமல் அணைத்தான். சூடு மெல்ல மெல்ல வடிந்தது. மத்தியானத்துக்குக் கட்டிவந்த சோற்றுருண்டையில் பாதியைத் தின்றுவிட்டு அத்தை கம்பளிக்குள் சுருண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கண் மூடியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. அண்ணன் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மண்வாரியை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளி இறங்கினான். வண்டிக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்குப் பனி. அவன் ஊரில் என்றால் ஒரே வீச்சில் பறந்துவிடும். இதுவோ ஈரச் சிமெண்ட். மூச்சு வாங்க வாங்கக் சைலன்சர் குழாயைச் சுற்றிக் குழி வெட்டி, கை விட்டுத் தடவிப் பார்த்து, திருப்தியாக உள்ளே வந்தான். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினான். அத்தை விழித்தால் வசவு நிச்சயம், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அவள் விழிக்கவில்லை. பல் தந்தியடிக்கும் சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. கால்விரல்களில் சூடு ஏறியது, மண்டை லேசாக வலித்தது. பனி வாரிய களைப்பு, வேறென்ன. இதமாக இருந்தது. கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. இந்தப் பொம்பளை வாயை மூடி ஒருநாளும் பார்த்ததில்லையே, சயோரியிடம் சொன்னால் நம்பமாட்டாள் என்று தனக்குள் சிரித்துக்கொண்டான்.

சிரிப்பு பாதியிலேயே நின்றது. தூக்கத்திலும் முணுமுணுக்கிற வாயாயிற்றே!

"அத்தை."

பின்னால் கை நீட்டி உலுக்கினான், அவள் தலை ஒருபக்கம் சரிந்தது. சாவியைத் திருப்பப் போனால் விரல்கள் யாருடையவோ மாதிரி இருந்தன. ஒருவழியாக அணைத்தான். கதவைத் தள்ளினான், திறக்கவில்லை. வெளியே அதற்குள் அவ்வளவு குவிந்திருந்தது. ஜன்னலை இறக்கி, தலைகுப்புறப் பனியில் விழுந்து, எழுந்து, பின்கதவை வெறுங்கையால் தோண்டித் திறந்தான். வழியில் வாந்தி எடுத்தான். குழாய் இருந்த இடத்தில் குழியே இல்லை. வெட்டிய பள்ளத்தின் கரை அப்படியே சரிந்து மூடியிருந்தது. தானே வெட்டிய குழி என்று நினைத்தபோது கதறிவிட்டான்.

பால் லாரிக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். ஆம்புலன்சுக்கு அவர்தான் போன் போட்டார். வண்டி வர வழியில்லை, ஆட்கள் நடந்து வருகிறார்கள், அதுவரை காற்றில் வைத்திருங்கள், தூங்கவிடாதீர்கள் என்றார்களாம்.

நான்கு கதவையும் திறந்துபோட்டு, அத்தையை மடியில் சாய்த்துக்கொண்டான் மொரியோ. தன் கோட்டைக் கழற்றி அவளுக்குச் சுற்றினான். கன்னம் சிவப்பாக, நல்ல ஆரோக்கியமானவள் மாதிரி இருந்தது. அந்த விஷப்புகை ஏறினால் அப்படிச் சிவக்கும் என்று கேள்விப்பட்டிருந்தான், அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. மூக்கருகே காது வைத்தான். மூச்சு இருந்தது.

"அத்தை, திட்டுங்க. உங்க பேச்சக் கேக்காம வண்டியப் போட்டேன். நல்லா திட்டுங்க."

அவளது இமை அசைந்தது. இனி இது உங்ககிட்டயே இருக்கட்டும் என்று சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான். அவை திரும்ப விரிந்துகொண்டன. மறுபடி மடக்கித் தன் கையால் பொத்திக்கொண்டான். தூரத்தில், வரிசையின் தலைப்பக்கம், பனி வாரும் வண்டியின் மஞ்சள் விளக்கு ஒன்று சுற்றிச்சுற்றி எரிவது பனிக்குள் தெரிந்தது. லாரிக்காரர் அதை நோக்கிக் கையை வீசிக்கொண்டே போனார்.

உதடு பிரிந்தது.

"எங்க ஊரு பனி..." என்றாள் அத்தை.

மொரியோ குனிந்து காதைக் கொடுத்தான். திறந்த கதவு வழியே பனி உள்ளே வந்து அவள் புருவத்தில் விழுந்தது, கரைந்தது, மறுபடி விழுந்தது. மிச்சத்தையும் சொல்லட்டும் என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.